ரிக்ரெஷன்: யாரும் பின்வாங்காத பின்வாங்கல்

உளவியல் ஆய்வேடு எதைப் பிரித்தாலும், முடிவுகள் வரும் அதிகாரத்தில் ஆர் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து சாய்வாக நிற்கும். பக்கத்தில் 0.42 என்றோ 0.67 என்றோ ஓர் எண். ஒட்டுறவுக் கெழு என்பது அதன் தமிழ்ப் பாடநூல் பெயர். பதற்றம் கூடினால் மதிப்பெண் குறைகிறதா, தூக்கம் கெட்டால் கவனம் சிதறுகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் கடைசியில் இந்த எழுத்தின் தலையில்தான் வந்து விடியும். ஆனால் கோரிலேஷன் என்ற ஆங்கிலச் சொல் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. அதற்கு ஆர் எப்படி அடையாளமாயிற்று? ரிலேஷனில் இருக்கும் ஆர் என்று நினைக்கத் தோன்றும். அதுவல்ல. ரிவர்ஷன் என்ற வேறொரு சொல்லின் முதலெழுத்து அது. அந்தச் சொல் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டு அதன் இடத்தில் ரிக்ரெஷன் வந்தது. இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால் ஆர் மட்டும் தப்பிப் பிழைத்தது.

ரிவர்ஷன் கணக்கர்களின் சொல் அல்ல, ஆடு மாடு புறா வளர்ப்பவர்களின் சொல். வேர் லத்தீன், 'மறுபடி திரும்புதல்' என்று பொருள். அழகுக்காக வளர்த்த இரண்டு புறா இனங்களைக் கலந்தால், சில குஞ்சுகள் தாய் தந்தை இருவரின் நிறமும் இல்லாமல் காட்டு மாடப்புறாவின் நீல உடலும் சிறகுப் பட்டையுமாகப் பொரிந்து வரும். இப்படிப் பழைய மூதாதையின் சாயல் திடீரென எட்டிப் பார்ப்பதற்கு வளர்ப்பாளர்கள் வைத்த பெயர் ரிவர்ஷன். சார்லஸ் டார்வின் 1868 இல் வெளியிட்ட வளர்ப்பு உயிர்களின் மாறுபாடு பற்றிய நூலில் இதற்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார்.

அங்கிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர் பிரான்சிஸ் கால்டன். டார்வினுக்கு உறவு, இருவருக்கும் பாட்டனார் ஒருவர், பாட்டிகள் வேறு. எதைக் கண்டாலும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். மனிதர்களின் திறமை பரம்பரையாக இறங்குகிறதா என்று அறியத் துடித்தார். மூன்று தலைமுறை மனிதர்களை அளந்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஆகவே 1875 இல் பட்டாணிக்குப் போனார்.

நம் சமையலறைப் பட்டாணி இல்லை. மணமுள்ள பூவுக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ. அதைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணங்கள் ஓர் அனுபவசாலி விவசாயியின் பேச்சுப் போலிருக்கும்: அயல் மகரந்தம் அவ்வளவாகச் சேராது, சீக்கிரம் சாகாது, நிறையக் காய்க்கும், காற்றின் ஈரத்துக்கு விதையின் எடை மாறாது, காயின் நுனியில் சூம்பிய விதை இருக்காது. விதைகளை எடை போட்டு ஏழு அளவுகளாகப் பிரித்தார். ஓர் அளவுக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்குப் பத்து விதை. பொட்டலங்களின் மேல் கே முதல் க்யூ வரை எழுத்துகள். இப்படி ஏழு பொட்டலம் கொண்ட தொகுப்புகளை நாட்டின் பல மூலைகளில் இருந்த நண்பர்களுக்கு அனுப்பினார். டார்வினும் அவர்களில் ஒருவர். எப்படிப் பாத்தி கட்டுவது, எப்படி வேலியிடுவது, முற்றிய காய்களை எந்தப் பையில் போடுவது என்று கூடவே நீண்ட அறிவுரை. பருவம் முடிந்ததும் பாத்தியில் மிஞ்சிய செடிகளைத் தழையோடு பிடுங்கிக் கட்டி, சீட்டு ஒட்டித் தனக்கே அனுப்பச் சொன்னார். சில தொகுப்புகள் பொய்த்தன. ஏழு தொகுப்புகளின் விளைச்சல் கைக்கு வந்தது. அதாவது 490 தாய் விதைகளின் பிள்ளைகள்.

பெரிய விதைகளின் பிள்ளைகள் சராசரியைவிடப் பெரியவையாகத்தான் இருந்தன, ஆனால் தாயளவுக்கு இல்லை. சிறியவற்றின் பிள்ளைகள் சிறியவைதான், ஆனால் தாயளவுக்குச் சிறியவை அல்ல. தாய் விதை சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்ததோ அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலக்கமே பிள்ளைகளிடம் மிஞ்சியது. 1877 பிப்ரவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதைச் சொன்னபோது அந்தப் பங்கை ஆர் என்று குறித்தார். ரிவர்ஷனின் ஆர்.

பெயர் தடம் புரண்டது இங்கேதான். ரிவர்ஷன் என்றால் திரும்பிப் போனது. ஆனால் ஆர் என்ற எண் காட்டுவது திரும்பிப் போகாமல் மிஞ்சியதை. ஆர் 0.33 என்றால் விலக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது, 0.9 என்றால் பத்தில் ஒன்றுதான் கரைந்தது. எண் பெருகப் பெருக ரிவர்ஷன் சுருங்குகிறது. பின்வாங்கலின் பெயரைச் சூட்டிக்கொண்டு பின்வாங்காததை அளக்கும் இந்தத் தலைகீழ், இன்றைய ஆய்வேடு வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் மாற்றவில்லை; மாற்றுவதற்குள் பெயரே மறந்துபோயிற்று.

பட்டாணிக்குப் பிறகு மனிதர்கள். 1884 இல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் கால்டன் ஓர் அளவைக்கூடம் திறந்தார். மூன்று பென்ஸ் கொடுத்து உள்ளே போனால் உயரம், கைவீச்சு, பிடிவலிமை, பார்வைக் கூர்மை, கேட்கும் திறன் என்று அளந்து அட்டையில் எழுதித் தருவார்கள். 9,337 பேர் காசு கொடுத்துத் தங்களை அளந்துகொண்டார்கள். மனத்தையும் இப்படி அளக்கலாம் என்ற துணிச்சல் இந்த வழியில் வந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் 1890 இல் 'மனச் சோதனைகள்' என்ற பெயரை வைத்து எழுதிய கட்டுரையின் பின்னால் கால்டனின் குறிப்புகளும் அச்சாகியிருக்கின்றன.

பரம்பரைக் கேள்விக்கோ குடும்பங்கள் வேண்டியிருந்தன. குடும்ப விவரங்களை எழுதி அனுப்புவோருக்கு மொத்தம் 500 பவுன் பரிசு என்று அறிவித்துத் தரவு திரட்டினார். 205 தம்பதிகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். தாய் தந்தை இருவர் உயரத்தின் நடு அளவைப் 'பெற்றோர்' என்று வைத்துக்கொண்டார். பெற்றோரின் விலக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளிடம் இருந்தது. சராசரி 68 அங்குலத்துக்குச் சற்று மேல். பெற்றோர் அதைவிட 3 அங்குலம் கூடுதல் என்றால் பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் கூடுதல்.

1885 செப்டம்பரில் அபர்டீன் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்க மாநாட்டின் மானிடவியல் பிரிவுக்குத் தலைமை வகித்து இதை அறிவித்தபோது ரிவர்ஷன் காணாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே 'நடுத்தரத்தை நோக்கிய ரிக்ரெஷன்' என்று இருந்தது. காரணத்தை ஊகிக்க முடிகிறது. ரிவர்ஷன் என்றால் குறிப்பிட்ட ஒரு மூதாதைக்குத் திரும்ப வேண்டும், புறாக்குஞ்சு மாடப்புறாவுக்குத் திரும்புவதுபோல. பட்டாணியும் பிள்ளைகளும் எந்த மூதாதைக்கும் திரும்பவில்லை. மொத்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியை நோக்கி நகர்ந்தவை போலத் தெரிந்தன. ரிக்ரெஷனுக்கு லத்தீனில் 'பின்னால் அடி வைத்தல்' என்று பொருள். முன்னால் அடி வைத்தால் அதே வேரிலிருந்து வரும் ப்ராக்ரெஸ், முன்னேற்றம். முன்னேற்றமே மந்திரமாக இருந்த விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதற்கு எதிர்ச்சொல்லை ஒரு கணக்குக்குச் சூட்டினால் அதைக் கேட்பவர் மனத்தில் சரிவு என்ற நினைப்பு வராமல் போகுமா? 'நடுத்தரம்' என்று அவர் சொன்ன சொல்லும் அன்று ஓரளவு நடுநிலைச் சொல்தான். இன்று அதற்குச் 'சோப்ளாங்கி' என்ற வாடை ஏறிவிட்டது. மனித இன மேம்பாடு என்ற பெயரில் யார் பிள்ளை பெறலாம் என்று தீர்மானிக்கப் பார்த்த யூஜெனிக்ஸ் என்ற கொள்கைக்கு 1883 இல் பெயர் வைத்தவரும் இதே கால்டன்தான். திறமைசாலிகளின் வாரிசுகள் நடுத்தரத்துக்குச் சரிகிறார்கள் என்பது அவருக்கு வெறும் எண் அல்ல, கவலை.

கால்டன் சொன்ன விளக்கம் பரம்பரை பற்றியது. பிள்ளை பெற்றோரிடமிருந்து மட்டும் வாங்குவதில்லை, பாட்டன் பூட்டன்களிடமிருந்தும் வாங்குகிறது; அந்தப் பெரிய கூட்டத்தின் நடு அளவு சராசரிதான்; ஆகவே பிள்ளையைச் சராசரி இழுக்கிறது என்றார். நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் அவருடைய அட்டவணையே அதற்கு எதிர்ச்சாட்சி சொன்னது. அதே 928 பேரின் அட்டவணையைக் குறுக்கே படிப்பதற்குப் பதில் நெடுக்கே படித்தார். மிக உயரமான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய பெற்றோர் எவ்வளவு உயரம் என்று பார்த்தார். பெற்றோரும் சராசரியை நோக்கியே இருந்தார்கள்! பிள்ளையின் விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பெற்றோரிடம். பிள்ளைக்குப் பெற்றோர் வாரிசு அல்ல. எதிர்காலம் இறந்தகாலத்துக்குப் பரம்பரைச் சொத்து கொடுக்காது. இரண்டு பக்கமும் 'பின்வாங்கல்' தெரிகிறது என்றால் யாரும் பின்வாங்கவில்லை என்றுதான் பொருள். முழுப் பொருத்தம் இல்லாத இரண்டு அளவுகளில் ஒன்றின் உச்சியைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்த்தால், அது உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். இழுக்கும் விசை எதுவும் வேண்டாம்.

ஒரு பக்கம் மூன்றில் இரண்டு, மறு பக்கம் மூன்றில் ஒன்று என்று வந்ததற்குக் காரணம் எளிது. இருவர் உயரத்தின் நடு அளவு, தனி ஒருவரின் உயரத்தைப்போல அவ்வளவு பரந்து சிதறாது. ஒவ்வோர் அளவையும் அதனதன் சிதறலால் வகுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே எண் வரும். 1888 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் கால்டன் அதைச் செய்தார். மனிதரின் உயரத்தையும் முழங்கை முதல் விரல்நுனி வரையிலான முழ நீளத்தையும் இப்படி ஒப்பிட்டபோது 0.8 வந்தது. உயரம் முழத்தைப் பெறவில்லை, முழம் உயரத்தைப் பெறவில்லை. இங்கே பரம்பரைக்கு வேலையே இல்லை. அதனால் புதிய பெயர் வேண்டியிருந்தது: கோ-ரிலேஷன், நடுவில் சிறு கோட்டோடு. குறியீட்டை மட்டும் மாற்றவில்லை. பட்டாணிப் பொட்டலத்தின் ஆர் கோரிலேஷனின் ஆர் ஆயிற்று. இன்று கணினி போட்டுத் தரும் சூத்திரத்தை 1896 இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் நிலைநிறுத்தினார். சிதறலை அளக்கும் திட்ட விலக்கத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவரும் அவரே.

ரிக்ரெஷன் இதற்குள் வேறொரு வீட்டுக்குக் குடிபோயிருந்தது. புள்ளிகளின் நடுவே மிகப் பொருத்தமான கோடு போடும் முறையை, வால்மீன்களின் பாதையைக் கணிப்பதற்காக, பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜான்ட்ர் 1805 இலேயே அச்சிட்டுவிட்டார். குறைந்த வர்க்க முறை என்பது அதன் பெயர். புள்ளியியலாளர் உட்னி யூல் 1897 இல், பெற்றோர் உயரத்தையும் பிள்ளை உயரத்தையும் இணைத்த கால்டனின் கோடும் லெஜான்ட்ரின் கோடும் ஒன்றே என்று காட்டிப் பரம்பரைக்குச் சம்பந்தமில்லாத தரவுகளுக்கும் ரிக்ரெஷன் என்ற பெயரைப் பரப்பினார். எண்பது ஆண்டு மூத்த முறை, இளைய பெயரைச் சுமக்கத் தொடங்கியது இப்படித்தான். இன்று வறுமைக்கும் படிப்புக்கும், விலைக்கும் விற்பனைக்கும் ரிக்ரெஷன் போடுகிறவர்கள் எதுவும் பின்னால் நடப்பதாக நினைப்பதில்லை. அந்த அளவில் பெயர் தேய்ந்துபோனது நல்லதே.

உளவியலில் மட்டும் தேயவில்லை. அங்கே அளவுகோலே ஆடும். உயரத்தை அளந்தால் காலையும் மாலையும் ஒரு சென்டிமீட்டர் மாறலாம். மனச்சோர்வை, நுண்ணறிவை, பதற்றத்தை அளந்தால் தூக்கம், பசி, ஊகமாகக் குறித்த விடை எல்லாம் மதிப்பெண்ணில் கலந்துவிடும். படை அதிகாரியாக இருந்து விலகி உளவியல் படிக்க வந்த சார்லஸ் ஸ்பியர்மன், இந்த ஆட்டத்தால் கோரிலேஷன் எவ்வளவு மங்குகிறது என்பதை 1904 இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே சோதனை தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு 1910 இல் அவர் வைத்த பெயர் நம்பகக் கெழு. அதையும் ஆர் என்றே குறிக்கிறோம்.

ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பிரபலமாக்கிய கணக்கு ஒன்றைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நுண்ணறிவுச் சோதனையின் சராசரி 100, நம்பகம் 0.9. ஒருவர் 130 வாங்குகிறார். அவருடைய உண்மை அளவுக்கு நம் சிறந்த ஊகம் 130 அல்ல. விலக்கமான 30 இல் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 127. நம்பகம் 0.6 என்றால் 118. மறுபுறம் 70 வாங்கியவருக்கு 82. இப்போது இந்த 0.6 சோதனையில் 70 வாங்கிய மாணவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் 'சிறப்புப் பயிற்சி' என்று சொல்லி வெறுமனே உட்கார வைத்து, மறுபடி சோதித்தால் அவர்களின் சராசரி 82 ஐ ஒட்டி வந்து நிற்கும். திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதலாம். பொன்னாடையும் போர்த்தலாம்.

உளவியலாளர் டேனியல் கானெமன் இதை நேரில் பார்த்திருக்கிறார். இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு அவர் உளவியல் வகுப்பு எடுத்த காலம். கண்டிப்பதைவிடப் பாராட்டுவதே கற்றலுக்கு உதவும் என்றார். அனுபவசாலியான பயிற்சியாளர் ஒருவர் மறுத்தார்: நன்றாகச் சாகசம் செய்த பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகச் செய்தவனைக் கத்தினால் அடுத்த முறை திருந்துகிறான் என்றார். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்ற நம்மூர்ப் பழமொழி அவருக்குத் தெரிந்திருக்காது, கருத்து அதுவே. அவர் கண்டது உண்மைதான். மிக நல்ல பறத்தலுக்குப் பின் அதைவிடச் சுமாரானதும், மிக மோசமானதற்குப் பின் அதைவிடத் தேவலையானதும் வருவது, பாராட்டும் திட்டும் இல்லாவிட்டாலும் நடக்கும். கானெமன் தரையில் சாக்பீஸால் ஒரு குறியை வரைந்து, முதுகைக் காட்டி நின்றபடி ஆளுக்கு இரண்டு முறை காசு எறியச் சொன்னார். முதல் எறியில் குறிக்கு நெருங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் விலகினார்கள், விலகியவர்கள் நெருங்கினார்கள். காசை யாரும் திட்டவில்லை.

கானெமனும் சக உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973 இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பயிற்சியாளர் கதை வருகிறது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1963 இல், ஆய்வு முறையியலாளர்கள் டொனால்ட் கேம்பலும் ஜூலியன் ஸ்டான்லியும் ஆய்வு முடிவைக் கெடுக்கும் காரணங்களைத் தொகுத்தபோது 'புள்ளியியல் ரிக்ரெஷன்' அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. சிகிச்சை தராமல் ஒப்பீட்டுக்காக மட்டும் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு என்ற ஏற்பாட்டின் பயன்களில் ஒன்று இதுதான்: தானாக ஏறுவது இரு குழுக்களிலும் ஏறும், அதற்கு மேல் ஏறியதே சிகிச்சையின் பங்கு. நோவு உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மருத்துவரிடமோ மந்திரிப்பவரிடமோ ஓடுகிறோம். உச்சத்துக்கு அடுத்த நாள் பெரும்பாலும் இறக்கம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வில் சற்று இறங்கினால் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். அதற்கடுத்த தேர்வில் ஏறிவிட்டால் மிளகாய்க்குப் புகழ்.

கல்வியும் மருந்தும் மட்டுமல்ல, வணிகமும் ஏமாந்திருக்கிறது. ஹொரேஸ் செக்ரிஸ்ட் என்ற அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர், சிறந்த கடைகள் ஆண்டுக்காண்டு மங்குகின்றன, மோசமானவை தேறுகின்றன என்று 1933 இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். தலைப்பில் 'நடுத்தரத்தின் வெற்றி' என்றே இருந்தது. கடைகளைக் கடைசி ஆண்டை வைத்துத் தரம் பிரித்துப் பின்னோக்கிப் பாருங்கள், நேர் எதிரான முடிவு வரும் என்று புள்ளியியலாளர் ஹரல்ட் ஹோட்டலிங் அந்தப் புத்தகத்தின் மதிப்புரையில் எழுதினார். கால்டனின் அட்டவணையை நெடுக்கே படித்த அதே வேலை.

உளவியல் துறைக்குள் இந்தப் பெயருக்கு ஒரு சக்களத்தியும் உண்டு. ஃப்ராய்டின் கனவு நூலில், 1900 என்று ஆண்டிட்டு வெளியானதில், ரிக்ரெஷன் வேறு பொருளில் வருகிறது. பிற்பாடு அது, நெருக்கடியில் மனம் பழைய பருவத்துக்குப் போய்விடுவதைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. தம்பிப் பாப்பா பிறந்ததும் நாலு வயது அக்கா மறுபடி விரல் சூப்புகிறாளே, அது. அங்கே ஒன்று உண்மையாகவே பின்னால் போகிறது. மனநல மாணவர் காலை வகுப்பில் ஃப்ராய்டின் ரிக்ரெஷனையும் மதிய வகுப்பில் கால்டனின் ரிக்ரெஷனையும் படித்துவிட்டு, இரண்டாவதிலும் ஏதோ பின்னால் போகிறது என்று எண்ணினால் குற்றம் அவர்மேல் இல்லை.

தமிழில் இந்தப் பெயர் மூன்று வழியாகப் போயிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கோரிலேஷனை ஒட்டுறவு என்கின்றன. 'அவர்களோடு ஒட்டுறவே வேண்டாம்' என்று வீட்டில் புழங்கும் சொல், அருமையான தேர்வு. ரிக்ரெஷன் தொடர்புப் போக்கு ஆயிற்று. கோடு போடும் முறைக்கு இது கச்சிதம், பின்வாங்கல் என்ற தப்பெண்ணமே இல்லை. ஆனால் சராசரிக்குத் திரும்பும் நிகழ்வை இந்தப் பெயரால் சொல்ல வழியில்லை. இலங்கைத் தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் பிற்செலவு என்று வரும். பழந்தமிழில் செலவு என்றால் போதல், பயணம். பின்னால் போதல் என்ற லத்தீன் பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது, பணச் செலவு என்று நினைக்காதவரைக்கும். ஃப்ராய்டின் சொல்லுக்குப் பின்னடைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேர்தல் முடிவு நாளில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

புதிதாக உளவியல் புள்ளியியல் நூல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்டுக்குத் தொடர்புப் போக்கு என்பதை அப்படியே வையுங்கள். நிகழ்வுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். சராசரி மீள்வு என்றால் புரியும். இரண்டையும் வெவ்வேறு அதிகாரத்தில் நடத்துங்கள். மீள்வு அதிகாரத்தில் கால்டனின் அட்டவணையைப் போட்டு, மாணவர்களை அதைக் குறுக்கே ஒரு முறையும் நெடுக்கே ஒரு முறையும் படிக்க வையுங்கள். கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் 'பின்தங்கிய மாணவர்கள் முன்னேறினார்கள்' என்று வரும் அறிக்கையைப் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்த மதிப்பெண்ணை வைத்து அவர்களைப் பொறுக்கினீர்கள் என்பதைத்தான்.